கண்ணை மூடிக்கொண்டு திட்டுவது

1

என் மகளிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் பல வருடங்களாகக் கடவுளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் எனக்கு இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பாள். இது பக்தி மிகுதியில் நடந்த தவறு அல்ல. யோசித்து, சௌகரியம் பார்த்துச் செய்ததுதான்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் எங்கள் வீட்டில் மாலை ஏழரைக்குக் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஒரு வேதபாகம், பிறகு நான். நான் என்றால் சராசரியாகப் பதினான்கு நிமிடம். உலக சமாதானத்தில் தொடங்கி, ஊரிலிருக்கும் உறவினர்களின் மூட்டுவலி வழியாக நடந்து, மெல்ல எங்கள் வரவேற்பறைக்குள் நுழைவேன்.

"ஆண்டவரே, இந்த வீட்டிலே நீர் தந்த பிள்ளையை உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். கைப்பேசியில் அவள் செலவிடும் நேரத்தை நீர் அறிவீர். நேற்று அது நான்கு மணி இருபது நிமிடம் என்பதையும் அறிவீர். இயற்பியல் தேர்வுக்குப் பதினொரு நாட்களே உள்ளன என்பதை அவளுக்கு உணர்த்தும். ஈரத் துண்டைக் கட்டிலின்மேல் போடுகிற சுபாவத்தை அவளை விட்டு அகற்றியருளும்."

இந்த முறையில் பல வசதிகள் உண்டு. ஜெபத்தின் நடுவே யாரும் குறுக்கிட முடியாது. எதிர்த்துப் பேசினால் அப்பாவை எதிர்த்ததாக ஆகாது, அதைவிடப் பெரிய இடத்தில் கணக்காகும். முடிவில் எதிர்க்கட்சியே ஆமென் சொல்லியாக வேண்டும். எந்தப் பாராளுமன்றத்திலும் இந்தச் சலுகை கிடையாது.

சென்ற ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை, ஈரத் துண்டுக்கு வந்த இடத்தில், மிரியம் கண்ணைத் திறந்தாள். திறந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். நானும் ஒரு கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன்.

"அப்பா, இது எனக்குத்தானே?"

"எது?"

"இந்த ப்ரேயர். நான் இங்கதான இருக்கேன். என்கிட்டயே சொல்லலாமே. எதுக்கு மேல போயிட்டு வரணும்?"

என் மனைவி ஜெயா கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று முதலில் நினைத்தேன்.

"இனிமே நான் இதுக்கு வரல" என்றாள் மிரியம். "கன்ஃபர்மேஷன் க்ளாஸுக்கும் போகல."

குழந்தையாக இருக்கையில் பெற்றோர் அதன் சார்பில் சபைமுன் சொன்ன விசுவாச வாக்கை, வளர்ந்தபின் அந்தப் பிள்ளையே தன் வாயால் சொல்லி ஏற்பதுதான் திடப்படுத்தல். பதினைந்து வயதில் எங்கள் சபையில் எல்லாரும் செய்வது. புத்தாடை, கேக், பிரியாணி எல்லாம் உண்டு. நான் பிரியாணிக்குச் சொல்லியே வைத்திருந்தேன்.

ஏன் என்று கேட்டேன். "அங்க நின்னு நான் எது சொன்னாலும் நீங்க சொல்ல வெச்சதாதான் இருக்கும்" என்றாள். கோபமில்லை. கதவைக்கூட அறையவில்லை. அறைந்திருந்தால் மறுநாள் ஜெபத்துக்கு விஷயமாகியிருக்கும்.

2

இந்தக் கலை எனக்கு ஜவ்வாது மலையில் கிடைத்தது. எங்கள் குடும்பம் தாத்தா காலத்தில் கிறிஸ்தவம் ஏற்றது. சாமையும் புளியும் மற்ற வீடுகளைப் போலத்தான். ஊரில் மைக் செட்டும் ஒன்றுதான், ஆடியில் மாரியம்மனுக்கு, ஞாயிறன்று எங்களுக்கு.

அப்பா சபையில் மூப்பர். ஒன்பதாம் வகுப்புக் காலாண்டில் நான் கணக்கில் வாங்கிய பதினெட்டை யாரிடமும் சொல்லாமல், மதிப்பெண் அட்டையைப் புளிமூட்டைக்கு அடியில் வைத்திருந்தேன். அப்பா ஒரு வாரம் வாயே திறக்கவில்லை. ஞாயிறு வந்தது. பொது ஜெபத்தில், மைக்கில், "ஆண்டவரே, புளிமூட்டைக்கு அடியிலும் நீர் காண்கிறவர்" என்று ஆரம்பித்தார். நாற்பது குடும்பமும் ஆமென் என்றது. மைக் செட்காரர் முருகேசன்கூட, அவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, தலையாட்டினார்.

அன்று நான் எடுத்த சபதம் எனக்குப் பிள்ளை பிறந்தால் இப்படிச் செய்யமாட்டேன் என்பது. அதைக் காப்பாற்றினேன் என்றே நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் மைக் இல்லையே.

3

லீட்ஸில் எனக்கு வேலை பேருந்துகளின் கால அட்டவணை தயாரிப்பது. நாளுக்கு இரண்டு பேருந்து வந்த ஊர்க்காரன், ஏழு நிமிடத்துக்கு ஒன்று போதுமா என்று கவலைப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ச் சபையின் இளையோர் ஊழியக் குழுவில் உறுப்பினர். இளையோரையும் பெற்றோரையும் ஆவிக்குரிய வளர்ச்சியில் ஆயத்தப்படுத்துவது குழுவின் நோக்கம் என்று தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. நடைமுறையில் நான் சமோசாவுக்குப் பொறுப்பு.

சமோசா கொடுப்பதற்கே, குழந்தைகளோடு பழகத் தகுந்த ஆள்தான் என்று போலீஸ் சரிபார்த்த சான்று வேண்டும். முந்தைய முகவரிகள் கேட்டார்கள். 'புளியமரத்துக்கு எதிர் வீடு' என்பதை அந்தக் கட்டம் ஏற்க மறுத்ததில் ஆறு வாரம் போயிற்று. பிள்ளைகளைப் பந்து உருட்டி விளையாடும் இடத்துக்குக் கூட்டிப்போக ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆறு பக்கப் படிவம். கடலை ஒத்துக்கொள்ளுமா, படம் எடுக்கலாமா, மயங்கினால் யாருக்குப் போன் செய்வது, எல்லாம் அதில் இருக்கும். குறை சொல்லவில்லை, காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு பிள்ளை சபைக்கு வருவதை நிறுத்திவிட்டால் நிரப்ப ஒரு படிவமும் இல்லை. குழுக் கூட்டத்தில் 'வருகைக் குறைவு: ஒன்று' என்று எழுதினார்கள். அந்த ஒன்று என் வீட்டு மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது.

ஜூலையில் மலையிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. எங்கள் மலைச் சபையில் வாலிபர் ஊழியத்தைக் கவனிப்பவர் ரூபி டீச்சர். கலசப்பாக்கத்துக்காரர், மலையில் பள்ளி ஆசிரியை, முப்பத்தைந்து வயதிருக்கும். 'ஆகஸ்ட் பதினைந்தை ஒட்டி ரெண்டு நாள் முகாம், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து. நீங்கள் ஊருக்கு வருவதாகக் கேள்விப்பட்டோம். சிறப்புச் செய்தி கொடுக்க முடியுமா?' கூடவே நான் மேடையில் மைக்கோடு நிற்கும் படம் ஒன்று. எங்கள் லீட்ஸ் சபையின் முகநூலில் எடுத்தது. அந்தப் படத்தில் நான், நீல நிறக் கார் ஒன்று வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது, சொந்தக்காரர் உடனே வரவும் என்று அறிவித்துக்கொண்டிருக்கிறேன். அதை நான் ரூபி டீச்சரிடம் சொல்லவில்லை. சம்மதம் என்று எழுதினேன்.

4

ஜெயாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மிரியமும் நானும் மட்டும் போளூர் வழியாக மலை ஏறினோம். வளைவுகளில் அவள் இருமுறை வாந்தி எடுத்தாள். சாமைக் கொல்லைகள் பச்சையாக இருந்தன, தூறிக்கொண்டே இருந்தது. எட்டு வாரமாக நாங்கள் பேசிக்கொண்டது வாகனம், சாப்பாடு, சார்ஜர் ஆகியவற்றைப் பற்றித்தான். முகாமுக்கு ஏன் வர ஒப்புக்கொண்டாய் என்று கேட்டேன். "காவலூர் கூட்டிட்டுப் போறாங்களாமே, டெலஸ்கோப் பாக்க" என்றாள். ஆண்டவர் எந்த வழியிலும் கிரியை செய்வார் என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

ரூபி டீச்சரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, காவலூர் போவதற்குப் பெற்றோர் சம்மதப் படிவம் வாங்கியாயிற்றா என்பது.

"இன்னா ஃபார்ம் சார்?"

விளக்கினேன்.

"நான் வூடு வூடா போய்ட்டு வந்துட்டேன் சார். இருபத்தாறு வூடு. எல்லா வூட்லயும் டீ. ரெண்டு நாள் தூக்கம் வரல." பிறகு கையிலிருந்த நோட்டைக் காட்டினார். பேர்களுக்கு எதிரே ஒவ்வாமை, இரத்த வகை எதுவும் இல்லை. 'அப்பாகூட பேசறதில்ல.' 'அம்மா மாத்திரை போடறாங்க, இவளுக்குத் தெரியும்னு அம்மாவுக்குத் தெரியாது.' 'வேலை தேடி திருப்பூர் போகணும்ங்கறான், வூட்ல சொல்லல.' என் பேருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். நோட்டை மூடிவிட்டார்.

முதல் நாள் காலை என் சிறப்புச் செய்தி. தலைப்பு 'கேட்கக் கற்றுக்கொள்வோம்'. பிள்ளைகள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பதன் அவசியத்தைப் பற்றி ஐம்பது நிமிடம் இடைவிடாமல் பேசினேன். பின்வரிசையில் மிரியம் கொட்டாவியை மறைக்கக்கூட முயலவில்லை. அவள் பக்கத்தில் தீபா என்று ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பெண், அவளிடம் ஏதோ கேட்க, இருவரும் சிரித்தார்கள். தீபாவின் அப்பா யாக்கோபு சாமை விவசாயி. முன்வரிசையில் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்து, பேச்சு முழுவதும் என் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் ரூபி டீச்சரிடம், எப்படி இருந்தது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நல்லா இருந்துச்சு சார். ஃபாரின் ஆள் வர்றார்னு சொன்னதால பதினேழு அப்பாங்க வந்துக்கீறாங்க. அம்மாங்க எப்பவும் வந்துருவாங்க. அப்பாங்கள உக்கார வெக்கறதுதான் கஷ்டம்."

தூண்டிலில் மாட்டுகிற புழுவுக்கும் ஊழியத்தில் ஒரு பங்கு உண்டு என்று தேற்றிக்கொண்டேன்.

5

இரண்டாம் நாள் காலை. கோயில் கூடத்தில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். ரூபி டீச்சர், ஒவ்வொரு பிள்ளையையும் அதன் அப்பா அல்லது அம்மாவோடு எதிரெதிரே உட்காரச் சொன்னார். பிறகு நடுவில் நின்று விதிகளைச் சொன்னார்.

"மொதல்ல பிள்ளைங்க. உங்க அப்பா அம்மாவுக்காக ரெண்டு நிமிஷம் ஜெபம் பண்ணுங்க, அவங்களுக்குக் கேக்கற மாதிரி. பெரியவங்க கண்ண மூடிக்கினு உக்காரணும். நடுவுல பேசக்கூடாது, இருமக்கூடாது, கடைசில ஆமென் மட்டும். அதுக்கப்புறம் பெரியவங்க. ஆனா ஒண்ணு. உங்க ஜெபத்துல பிள்ளையப் பத்தி ஒரு வார்த்த வரக்கூடாது. அவன் படிக்கணும், அவ அடங்கி நடக்கணும், எதுவும் கிடையாது. உங்களப் பத்தி மட்டும் ஆண்டவர்கிட்ட சொல்லுங்க. பிள்ள கேக்கட்டும்."

"அது எப்டிம்மா" என்றார் ஒருவர். "பிள்ளைங்களுக்காக ஜெபிக்கறதுதான பெத்தவங்க கடம?"

"வூட்ல பண்ணுங்கண்ணே. அவன் தூங்கறப்ப பண்ணுங்க. ஆண்டவருக்குக் கேக்கும்."

மிரியம் எனக்கு எதிரே கால்மடித்து உட்கார்ந்திருந்தாள். எங்களுக்குப் பக்கத்துப் பாயில் யாக்கோபும் தீபாவும். மணி அடித்தது. கண்ணை மூடினேன், இம்முறை இரண்டையும்.

கூடம் முழுக்கத் தேன்கூடு மாதிரி முணுமுணுப்பு. பக்கத்தில் தீபாவின் குரல் தெளிவாகக் கேட்டது. "ஆண்டவரே, எங்கப்பாவுக்கு முட்டி வலி போவணும். பரீட்ச முடிஞ்சதும் எனக்குக் கல்யாணம்னு அவர் அத்தைகிட்ட போன்ல சொன்னத நான் கேட்டுட்டேன். நான் வேலூர்ல நர்ஸிங் படிக்கணும். அதுக்கு எங்கப்பாவுக்கு மனசு குடும். ஆமென்."

"ஆமென்" என்றார் யாக்கோபு, முழுத் தொண்டையில். ஒரு கணம் கழித்து, "இன்னாது?"

"ஆமென் சொல்லிட்டீங்கண்ணே" என்றார் ரூபி டீச்சர், தூரத்திலிருந்தே.

எனக்கு எதிரே சத்தமே இல்லை. மிரியம் அந்த இரண்டு நிமிடமும் ஒன்றும் சொல்லவில்லை. என்மேல் கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பெற்றுக்கொண்டிருப்பேன். அந்த மௌனத்தில், எட்டு வாரத்துக்கு முன் அவள் அறையாமல் விட்ட கதவு இப்போது சாத்தப்படுவதுபோல் இருந்தது. லீட்ஸுக்குத் திரும்பினால் பிரியாணி, புத்தாடை எல்லாம் போகட்டும், இவள் இனி என் முன்னால் கடவுளோடு பேசவே மாட்டாள் என்று தோன்றியது. அதற்குக் காரணம் கடவுள் இல்லை என்பதும் தெரிந்திருந்தது.

மணி மறுபடியும் அடித்தது. பெரியவர்கள் முறை.

"ஆண்டவரே" என்றேன். உலக சமாதானத்தில் தொடங்கலாம் என்று பார்த்தேன், அது என்னைப் பற்றியது அல்ல. மூட்டுவலி எனக்கு இல்லை. இத்தனை வருடப் பதினான்கு நிமிடங்களில் இவளை எடுத்துவிட்டால் எனக்கென்று கடவுளிடம் சொல்ல ஒரு வரியும் சேர்த்து வைத்திருக்கவில்லை. சுற்றிலும் மற்ற அப்பாக்கள் தட்டுத்தடுமாறி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வியர்த்தது. ஆகஸ்ட் மாதம், மலையில், தூறலில்.

கடைசியில் வந்தது ஜெபத் தமிழில்கூட இல்லை. "எனக்குப் பயமா இருக்கு."

அதோடு நின்றுவிட்டது.

"எதுக்குப்பா பயம்?"

கண்ணைத் திறந்தேன். அவளும் திறந்துதான் வைத்திருந்தாள். விதிப்படி நடுவில் யாரும் பேசக்கூடாது. ரூபி டீச்சர் எங்களைப் பார்த்தார், பிறகு வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்த ஊர்ல எனக்கு ஒண்ணும் புரியலம்மா" என்றேன் மெதுவாக. "உன் ஸ்கூல் மீட்டிங்ல டீச்சர் பேசறது பாதிதான் புரியுது. தலையாட்டிட்டு வந்துடறேன். ஆபீஸ்ல ஒரு வாக்கியம் பேசறதுக்கு முன்னாடி மனசுல ரெண்டு தடவ சொல்லிப் பாத்துக்கறேன். நீ ஃப்ரெண்ட்ஸோட எதுக்கு சிரிக்கறேன்னு தெரியல. தடங்கல் இல்லாம எனக்குப் பேச வர்றது அந்தப் பதினாலு நிமிஷம்தான்."

"அதனால எல்லாத்தையும் அதுல சொல்லிட்டீங்க."

"ஆமா."

அவள் பாயின் ஓரத்துக் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "நான் ரெண்டு நாளா இங்க அப்படித்தான் இருக்கேன்" என்றாள். "எல்லாரும் சிரிக்கறாங்க. எதுக்குன்னு தெரியல. தலையாட்டறேன். தீபா கேட்டா யெஸ் யெஸ்ங்கறேன். எதுக்கு யெஸ் சொன்னேன்னே தெரியல."

"நேத்து என் பேச்சுல நீயும் தீபாவும் சிரிச்சீங்களே."

"அது மட்டும் புரிஞ்சது. உங்க பேச்சு எப்ப முடியும்னு கேட்டா."

மணி அடித்தது. எல்லாரும் எழுந்துகொள்ளப் போனார்கள். மிரியம் கையைத் தூக்கினாள், வகுப்பில் தூக்குவதுபோல். "மிஸ், என்னோட ரெண்டு நிமிஷம் இன்னும் இருக்கா?"

"இருக்குதும்மா" என்றார் ரூபி டீச்சர். "உக்காருங்க எல்லாரும்."

என் மகள் கண்ணை மூடினாள். கடவுளை அவள் 'நீங்க' என்றாள். நாங்கள் 'நீர்' என்போம், அது அவள் வாயில் வராது. "ஹலோ, கடவுளே. நீங்க எங்கப்பாவ பாத்துக்கோங்க. அவருக்குப் புரியலன்னா சும்மா தலையாட்ட வேணாம். என்கிட்ட கேக்கலாம். நான் சொல்வேன். ஃபோன்ல இருந்தாலும் சொல்வேன். ஆமென்."

நான் ஆமென் சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருப்பேன். எனக்குச் சொல்ல வேண்டியதை அவளும் கடவுள் வழியாகத்தான் சொன்னாள் என்பது மதியச் சாப்பாட்டின்போதுதான் உறைத்தது. பரம்பரை வியாதி. ஆனால் அவளுக்கு இரண்டு நிமிடம் போதுமாயிருந்தது.

6

திரும்பி வந்து மூன்று மாதமாகிறது. மிரியம் வாரத்தில் இரண்டு நாள் குடும்ப ஜெபத்துக்கு வருகிறாள். எந்த இரண்டு நாள் என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. என் ஜெபம் மூன்று நிமிடமாகக் குறைந்திருக்கிறது, அதில் ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பது. ஈரத் துண்டு கட்டிலின்மேல்தான் இருக்கிறது. அதைப் பற்றி நான் அவளிடமே நேரில் பேசினேன், பலனில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து மின்னஞ்சல் வந்தால் அவளைக் கூப்பிட்டு, இது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று கேட்கிறேன். பெரும்பாலும் உண்மையைச் சொல்கிறாள். திடப்படுத்தலுக்கு இந்த வருடம் பெயர் கொடுக்கவில்லை. போதகரிடம் அவளே போய், "எனக்கு இன்னும் கேள்வி இருக்கு" என்றாளாம். வகுப்பில் பெயர் கொடுத்த பதினோரு பேரில் ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை என்று போதகர் என்னிடம் சொன்னார். புகாராகச் சொன்னாரா பாராட்டாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. மகளிடம் கேட்க வேண்டும்.

ரூபி டீச்சரின் முறையை எங்கள் இளையோர் குழுவில் முன்வைத்தேன். நல்ல யோசனை என்றார்கள். பெற்றோரின் மனநலத்துக்கு அதனால் வரக்கூடிய ஆபத்துகளை மதிப்பிட்டுப் படிவம் தயாரிக்க என்னையே நியமித்திருக்கிறார்கள்.

தீபாவைப் பற்றி ரூபி டீச்சர் எழுதினார். கல்யாணப் பேச்சு நின்றிருக்கிறது. நர்ஸிங் விஷயத்தில் யாக்கோபு இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம், ஆனால் விண்ணப்பம் எப்போது கொடுப்பார்கள் என்று யாரிடமோ விசாரித்தாராம்.

முகாம் முடிந்த அன்று பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் அதே யாக்கோபுதான். சாமைச் சோற்றைப் பிசைந்தபடி, மற்றவர் காதில் விழாதபடி குனிந்து சொன்னார்.

"கவலப்படாதீங்க சார். நான் பக்கத்துலதான் இருந்தேன், கேட்டுக்கினுதான் இருந்தேன். ஆண்டவரேன்னீங்க, அதோட நின்னுபோச்சு. இத்தினி வருஷம் வெளியூர்ல இருந்தா யாருக்கும் அப்டித்தான் ஆவும். எங்கூட்ல பழைய ஜெபப் புஸ்தகம் ஒண்ணு சும்மாதான் கீது. எடுத்துக்கினு போங்க. தெனம் ஒரு பக்கம் பாத்து படிங்க, வந்துரும்."